கற்பவருக்கேற்ப மாறும் இணையப் பாடத்தை எழுதுவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்விக்கு ஒருவர் 2/5 என்று எழுதுகிறார். இன்னொருவர் 2/6 என்கிறார். மூன்றாமவர் 1/6. மூன்றும் தவறு, ஆனால் மூன்றும் ஒரே தவறு அல்ல. முதலாமவர் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும் கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டார். பின்னம் என்பது ஓர் அளவு என்பதே அவர் மனத்தில் இன்னும் பதியவில்லை. இரண்டாமவருக்குப் பொதுப் பகுதி 6 என்பது தெரிந்திருக்கிறது. பகுதியை மாற்றினால் தொகுதியும் மாற வேண்டும் என்பதைத்தான் விட்டுவிட்டார். மூன்றாமவர் பெருக்கலுக்குரிய முறையைக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டார். இந்த மூவருக்கும் "தவறு, மீண்டும் முயல்க" என்று ஒரே வரியைக் காட்டும் பாடம், அவர்கள் கொடுத்த தகவலைக் கையில் வாங்கிக் கீழே போட்டுவிடுகிறது.

அந்தத் தகவலை வீணாக்காமல் அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் பாடத்தைத்தான் தகவமையும் பாடம் என்கிறோம். இதை எழுத முனைபவர்கள் முதலில் கேட்பது "எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. கற்பவர் எங்கெங்கே இடறுவார், ஒவ்வோர் இடறலும் எதைக் காட்டுகிறது என்பதைப் பாட ஆசிரியர் தாளில் எழுதி முடித்திருந்தால் எளிய கருவியிலும் பாடம் உயிர்பெறும். அதை எழுதாமல் கருவியைத் திறந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் அது பக்கம் புரட்டும் இயந்திரமாகவே இருக்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தாளில் செய்யும் வேலை. பின்னக் கூட்டலையே கடைசி வரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

## எதற்கேற்ப மாற வேண்டும்?

இந்த எண்ணம் இணையத்தைவிடப் பழையது. 1950களின் இறுதியிலேயே நார்மன் கிரவுடர் என்ற அமெரிக்கர் கிளை பிரியும் பாடநூல்களை உருவாக்கினார். ஒரு கேள்விக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கும் விடையின் பக்கத்தில் ஒரு பக்க எண் இருக்கும். தவறான விடையைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கம், நீங்கள் ஏன் அப்படி நினைத்திருப்பீர்கள் என்பதை விளக்கிவிட்டு மறுபடி கேள்விக்கே அனுப்பும். கணினி இல்லை, கணக்கீடு இல்லை. வெறும் தாளும், தவறுகளை முன்கூட்டியே யோசித்துவைத்த ஓர் ஆசிரியரும்தான்.

இணையம் வந்த பிறகு, 1996இல் பீட்டர் புருசிலோவ்ஸ்கி இத்துறையை வகைப்படுத்தி எழுதிய கட்டுரை இன்றும் பயன்படுகிறது. அவர் பிரித்தது இரண்டாக: பக்கத்தில் உள்ளதை மாற்றுவது, பக்கங்களுக்கு இடையே போகும் வழியை மாற்றுவது. முதலாவதில் விளக்கம் நீள்வதும் சுருங்குவதும் அடங்கும். இரண்டாவதில் இணைப்புகளை வரிசைப்படுத்துவது, மறைப்பது, குறியிட்டுக் காட்டுவது, "அடுத்து இதைப் படியுங்கள்" என்று நேராக வழிகாட்டுவது எல்லாம் அடங்கும். தொடங்குபவர்கள் இரண்டாவதில் தொடங்குவது நல்லது. ஒவ்வொரு பக்கமும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்து வழி மட்டும் மாறினால் சோதிப்பதும் திருத்துவதும் மிக எளிது.

எதற்கேற்ப மாற்றுவது என்பதில் ஓர் எச்சரிக்கை. "இவர் காட்சி வழியாகக் கற்பவர், அவர் கேட்டுக் கற்பவர்" என்று பிரித்து ஒவ்வொருவருக்கும் ஒரு பாடம் எழுதும் யோசனை கவர்ச்சியானது. 2008இல் உளவியலாளர் பாஷ்லரும் அவருடைய சகாக்களும் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அப்படிப் பொருத்திக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. உங்கள் நேரத்தை அதில் செலவிடாதீர்கள். உறுதியாகப் பலன் தருவது முன்னறிவு. ஏற்கெனவே தெரிந்தவருக்கு நீண்ட விளக்கம் இடைஞ்சலாகிறது. புதியவருக்கு அதே விளக்கம் இல்லாமல் முடியாது. ஒருவருக்கு உதவும் விளக்கம் தேர்ச்சி வளர வளர அவருக்கே தடையாக மாறுவதைக் கல்யுகா, ஸ்வெல்லர் முதலானோர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆகவே பாடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கருத்து இவருக்கு இப்போது எந்த அளவுக்குத் தெரியும்?

## முதல் படி: கருத்து வரைபடம்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முடிவில் கற்பவர் எதைச் செய்ய வேண்டும் என்பதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். "பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வார்" என்று எழுதாதீர்கள். புரிந்துகொண்டதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. "வேற்றினப் பின்னங்கள் இரண்டைக் கூட்டி விடை எழுதுவார்" என்று எழுதினால் அதைச் சோதிக்க முடியும்.

பிறகு கீழ்நோக்கி இறங்குங்கள். இதைச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஓரினப் பின்னங்களைக் கூட்டத் தெரிய வேண்டும். சமான பின்னங்களை உருவாக்கத் தெரிய வேண்டும். இரண்டு எண்களின் மீச்சிறு பொது மடங்கைக் காணத் தெரிய வேண்டும். சமான பின்னத்துக்கு என்ன தெரிய வேண்டும்? பின்னம் என்பது முழுமையின் சம பங்கு என்பது. மீச்சிறு பொது மடங்குக்கு? பெருக்கல் வாய்பாடு. உங்கள் பாடம் சொல்லித் தரப்போவதில்லை, தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்ற இடத்தில் நிறுத்துங்கள். இங்கே வாய்பாட்டோடு நிறுத்திவிடலாம்.

இப்போது கையில் ஐந்து கருத்துகளும் அவற்றுக்கிடையே அம்புக்குறிகளும் இருக்கின்றன. ஓர் அம்புக்குறி "இது தெரியாமல் அது முடியாது" என்று பொருள்பட வேண்டும், "நான் இதை முதலில் சொல்லித்தருவேன்" என்று அல்ல. இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். சொல்லித்தரும் வரிசையை அம்புக்குறியாக்கினால் எல்லாமே ஒரே நேர்கோடாகிவிடும், மாறுவதற்கு இடமே இருக்காது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் சமான பின்னத்துக்கும் மீச்சிறு பொது மடங்குக்கும் இடையே அம்பு இல்லை. எது தெரியாதோ அதை மட்டும் படித்துவிட்டு ஒருவர் மேலே போகலாம். பாடம் கற்பவருக்கேற்ப வளைவது அந்த இடைவெளியில்தான்.

ஒரு கருத்து எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? ஒரே கேள்வியால் அதை மட்டும் தனியாகச் சோதிக்க முடிந்தால் அளவு சரி. ஒரு கேள்வி தவறானால் இரண்டு காரணங்கள் இருக்கலாம் என்றால் அந்தக் கருத்தை இன்னும் உடைக்க வேண்டும்.

## இரண்டாம் படி: தவறுகளைச் சேகரித்தல்

இந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் பாடத்தின் தரம் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் கற்பவர்கள் உண்மையில் எழுதும் தவறான விடைகளைத் திரட்டுங்கள். உட்கார்ந்து கற்பனை செய்யாதீர்கள். பழைய விடைத்தாள்களைப் பாருங்கள், அந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவரிடம் கேளுங்கள், நான்கைந்து பேரைப் பக்கத்தில் அமர்த்திச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடச் சொல்லுங்கள். நாம் ஒருபோதும் எண்ணியிராத தவறுகள் அப்போது வெளிவரும்.

ஒவ்வொரு தவறுக்கும் மூன்று குறிப்புகள்: விடை என்ன, அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணம் என்ன, அது வரைபடத்தில் எந்தக் கருத்தைச் சுட்டுகிறது. நம் எடுத்துக்காட்டில் 2/5 வந்தால் அது "சம பங்கு" என்ற அடிக் கருத்துக்குப் போக வேண்டும். 2/6 வந்தால் "சமான பின்னம்". 1/6 வந்தால் அது புதிய கருத்தைக் கற்றுத்தர வேண்டிய இடமல்ல, இரண்டு முறைகளைப் பக்கத்தில் வைத்து வேறுபடுத்திக் காட்ட வேண்டிய இடம்.

பிறகு மறுமொழியை எழுதுங்கள். 2/5 என்று எழுதியவரிடம் விதியைத் திரும்பச் சொல்வதால் பயனில்லை, ஏனென்றால் அவர் ஒரு விதியைத்தான் பின்பற்றியிருக்கிறார். இப்படி எழுதிப் பாருங்கள்: "நீங்கள் 1/2இல் தொடங்கி அதோடு இன்னும் 1/3 சேர்த்தீர்கள். கிடைத்தது 2/5. கீழே உள்ள பட்டையில் 1/2ஐயும் 2/5ஐயும் குறித்துப் பாருங்கள். எது பெரியது?" குறித்தவுடன் அவருக்கே தெரியும், கூட்டிய பிறகு அளவு குறைந்திருக்கிறது என்று. விடையை நாம் சொல்லவில்லை. அவருடைய விடையே அவரோடு வாதாடுகிறது. ஒரு நல்ல மறுமொழிக்கு இதைவிட வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது.

முடிந்த இடத்திலெல்லாம் கடைசி விடைக்கு மட்டுமல்லாமல் இடைப்படிகளுக்கும் மறுமொழி கொடுங்கள். 2011இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளை ஒப்பிட்டபோது, இறுதி விடையை மட்டும் பார்க்கும் கணினிப் பாடங்களின் பயன் அளவு (அந்த உதவி இல்லாதவர்களைவிட மதிப்பெண் எத்தனை திட்டவிலக்கம் கூடியது என்ற கணக்கு) 0.31 என்றும், ஒவ்வொரு படிக்கும் மறுமொழி தருபவற்றின் அளவு 0.76 என்றும் வந்தது. மனித ஆசிரியர் தனியாகச் சொல்லித்தருவதற்குக் கிடைத்தது 0.79. படிப்படியாகக் கேட்பது எழுதுபவருக்குக் கூடுதல் உழைப்புதான். அந்த உழைப்புக்கு வேறெங்கும் இவ்வளவு பலன் கிடைக்காது.

## மூன்றாம் படி: துண்டுகளாக எழுதுதல்

இப்போது பாடத்தை எழுதலாம், ஆனால் பக்கங்களாக அல்ல, துண்டுகளாக. ஒவ்வொரு கருத்துக்கும் குறைந்தது நான்கு வகைத் துண்டுகள் தேவை: விளக்கம், முழுமையாகச் செய்துகாட்டிய கணக்கு, சில படிகளை நிரப்பச் சொல்லும் அரைக் கணக்கு, உதவியே இல்லாத பயிற்சி. புதியவர் இந்த நான்கையும் வரிசையாகக் கடப்பார். தெரிந்தவர் நேராக நான்காவதுக்குப் போவார். தடுமாறுபவர் மூன்றிலிருந்து இரண்டுக்குத் திரும்புவார்.

துண்டு எழுதும்போது ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. "மேலே பார்த்தது போல", "முந்தைய பக்கத்தில் சொன்னபடி" போன்ற சொற்களைத் தொடக்கூடாது. படிப்பவர் மேலே எதைப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. பாடநூல் எழுதிப் பழகியவர்களுக்கு இது மிகவும் கடினம். நானும் ஒவ்வொரு பாடத்தை முடித்ததும் இந்தச் சொற்களைத் தேடி நீக்குவதற்கென்றே ஒரு முறை முழுவதும் படிப்பேன்.

இன்னொன்று: ஒருவர் படித்து முடித்த பக்கத்தை அவர் திரும்பி வரும்போது மாற்றாதீர்கள். நேற்று இங்கே ஒரு படம் இருந்ததே என்று தேடுபவருக்கு அது இல்லையென்றால் பாடத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். புதிதாகச் சேர்க்கலாம், மடித்து வைத்து "விரித்துப் பார்க்க" என்று குறிக்கலாம். காணாமல் போகச் செய்யக்கூடாது.

ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: எந்தக் கருத்து, எந்த வகை, கடினம் எவ்வளவு, எந்தத் தவறுக்கு மருந்து. விதிகள் இந்த அட்டையைத்தான் படிக்கும். உள்ளே எழுதியிருப்பதை அவை படிப்பதில்லை.

## நான்காம் படி: தெரியும், தெரியாது என்பதை எப்படி முடிவு செய்வது?

எளிய விதி: தொடர்ந்து மூன்று கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னால் அந்தக் கருத்து தெரியும் என்று கொள்ளலாம். பலர் இதை ஏளனமாகப் பார்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு மோசமில்லை.

1995இல் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் வெளியிட்ட அறிவுத் தடமறிதல் முறை இன்றும் பல பாட மென்பொருள்களின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பிறகு, கற்பவருக்கு அந்தக் கருத்து தெரிந்திருக்கும் வாய்ப்பை அது திருத்திக்கொண்டே போகும். புதிய சான்று வரும்போது வாய்ப்பைத் திருத்தும் பேய்ஸ் தேற்றத்தை அடிப்படையாகக் கொண்ட அந்த முறைக்கு நான்கு எண்கள் தேவை. தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒவ்வொரு முயற்சியிலும் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு, தெரியாமலே ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு. இவற்றை முறையே 0.3, 0.15, 0.1, 0.2 என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் முதல் கேள்விக்குச் சரியாக விடை சொல்கிறார். தெரிந்து சரியாகச் சொல்லியிருக்கும் வாய்ப்பு 0.3 × 0.9 = 0.27. தெரியாமல் ஊகித்திருக்கும் வாய்ப்பு 0.7 × 0.2 = 0.14. ஆகவே அவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு 0.27 / 0.41, அதாவது சுமார் 0.66. மீதமிருக்கும் 0.34இல் 15 விழுக்காடு இந்த முயற்சியிலேயே கற்றுக்கொண்டிருக்கலாம் என்று சேர்த்தால் 0.71. இதே கணக்கைத் தொடர்ந்தால் இரண்டாவது சரியான விடைக்குப் பிறகு 0.93, மூன்றாவதுக்குப் பிறகு 0.99. தேர்ச்சி எல்லையாக வழக்கமாக வைக்கும் 0.95ஐத் தாண்ட மூன்று விடைகள் போதும். முதல் விடை தவறாகி மதிப்பு 0.19க்கு இறங்கினாலும், அதன்பின் தொடர்ந்து மூன்று சரியான விடைகள் 0.95க்கு மேலே கொண்டுபோய்விடும்.

ஆனால் ஊகிக்கும் வாய்ப்பை மாற்றிப் பாருங்கள். "சரியா, தவறா" என்று கேட்கும் கேள்வியில் அது 0.5. அப்போது 0.95ஐத் தாண்ட ஐந்து சரியான விடைகள் தேவைப்படுகின்றன. விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ஊகம் 0.05தான் என்று வைத்தால் இரண்டே போதும். அதனால்தான் கேள்வியின் வடிவம் விதியைவிட முக்கியம் என்கிறேன். பத்து எளிய கேள்விகளை எழுதுவதற்குப் பதில் ஊகிக்க முடியாத மூன்றை எழுதினால், கற்பவரின் நேரமும் உங்கள் நேரமும் மிச்சம்.

தட்டச்சு விடைகளில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியையும் ஆகாரக் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கற்பவர் எழுதிய விடை, நீங்கள் வைத்திருக்கும் விடை இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் சரியான விடை எழுதியவரைத் தவறென்று பாடம் சொல்லிவிடும். வேற்றுமை உருபு சேர்ந்த விடைகளையும் ஏற்கும்படி பட்டியல் வையுங்கள்: "பகுதி" என்பது விடையானால் "பகுதியை" என்று எழுதியவரும் சரியாகவே எழுதியிருக்கிறார்.

இந்த நான்கு எண்களையும் தொடக்கத்தில் மதிப்பிட்டுத்தான் வைக்க வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கானோர் படித்த பிறகு தரவிலிருந்து திருத்தலாம். சிறிய பாடத்துக்கு "தொடர்ந்து மூன்று" போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

## ஐந்தாம் படி: கிளைகளை அடக்குதல்

பத்து இடங்களில் பாதை இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது பிரிந்ததாகவே போனால் 1024 பாதைகள் வரும். யாராலும் எழுதி முடிக்க முடியாது. பிரிந்த கிளை இரண்டு மூன்று துண்டுகளுக்குள் மையப் பாதையில் வந்து சேர்ந்தால் எழுத வேண்டியது பத்து மாற்றுப் பகுதிகள் மட்டுமே. 2/5 எழுதியவர் பட்டையில் குறித்துப் பார்த்து, சம பங்கு பற்றிய ஒரு சிறு பயிற்சியை முடித்து, அதே வகைக் கேள்வி ஒன்றுக்குத் திரும்புகிறார். கேள்வி புதியதாக இருக்க வேண்டும். பழைய கேள்வியே வந்தால் அவர் விடையை நினைவில் வைத்துச் சொல்லிவிடுவார்.

வட்டத்தையும் கவனியுங்கள். ஒருவர் மூன்று முறை அதே கிளைக்குப் போய்த் திரும்பினால் பாடம் அவருக்கு உதவவில்லை என்று பொருள். மூன்றாவது முறை விடையை முழுமையாகச் செய்துகாட்டி மேலே அனுப்பும் ஒரு வாசல் ஒவ்வொரு கிளையிலும் இருக்க வேண்டும். தெரியாத ஒருவரை அறைக்குள் பூட்டிவைப்பது கற்பித்தல் ஆகாது.

## இப்போது கருவி

தாளில் இவ்வளவும் இருந்தால் கருவியைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம் போதும்.

ட்வைன். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்டது, இலவசம், திறந்த மூலம். கிளைக்கதை எழுத உருவானது, ஆனால் பாடத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. துண்டுகள் பெட்டிகளாகவும் இணைப்புகள் கோடுகளாகவும் திரையில் தெரியும், உங்கள் தாள் வரைபடத்தைப் போலவே. மாறிகள் உண்டு. "சமான பின்னம் = 2" என்று எண்ணிக்கை வைத்து, எண்ணிக்கை 3 ஆனால் இந்த இணைப்பைக் காட்டு என்று விதி எழுதலாம். முடிவில் ஒரே எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கிறது. அதை எங்கும் ஏற்றலாம், இணையம் இல்லாமலும் திறக்கலாம். முதல் பாடத்துக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். குறை: யார் என்ன விடை சொன்னார்கள் என்பது ஆசிரியருக்குத் தானாக வந்து சேராது.

மூடில். பள்ளிகளும் கல்லூரிகளும் இணைய வகுப்புகளை நடத்தப் பயன்படுத்தும் தளம். உங்கள் நிறுவனத்தில் ஏற்கெனவே இருந்தால் அதன் பாடம் என்னும் செயல்பாட்டைத் திறந்து பாருங்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு விடைக்கும் தனித்தனி மறுமொழியும், அடுத்து தாவ வேண்டிய பக்கமும் கொடுக்கலாம். கிரவுடரின் பக்க எண்கள்தான் அவை. அணுகலைக் கட்டுப்படுத்தும் வசதியைக் கொண்டு, ஒரு பயிற்சியில் இத்தனை மதிப்பெண் வந்தால்தான் அடுத்தது திறக்கும் என்றும் வைக்கலாம். ஒரு பெயர்க் குழப்பம் மட்டும் உண்டு: அதன் வினாடி வினாவில் தகவமைவு முறை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது அதே கேள்வியை மதிப்பெண் குறைத்து மறுபடி முயல விடுவது மட்டுமே. கேள்வியைக் கற்பவருக்கேற்பத் தேர்ந்தெடுக்காது.

எச்5பி. இணையப் பக்கங்களில் ஊடாடும் பயிற்சிகளைக் கட்டும் கருவி. அதன் கிளைச் சூழல் என்னும் வகை இதற்கு உதவும். காணொளியும் படமும் கலந்து வேகமாகக் கட்டலாம். உரையாடல், முடிவெடுத்தல் போன்ற பாடங்களுக்கு நன்று. கிளை பிரிவது அந்த நேரத்துத் தேர்வால் மட்டுமே. முன்பு நடந்ததைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கும் பாடத்துக்கு இது போதாது.

ஆய்வகக் கருவிகள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சிடிஏடி, கணக்கின் படிகளைச் செய்துகாட்டியே பாடத்தை உருவாக்க விடுகிறது. நிரல் எழுதாமல் படிப்படியான மறுமொழி தர அது நல்ல வழி. பெர்க்லியில் உருவான ஓஏடியூட்டர் திறந்த மூலம், மேலே சொன்ன அறிவுத் தடமறிதலையே பயன்படுத்துகிறது. நிரல் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் இவற்றைப் பாருங்கள்.

நீங்களே கட்டுவது. எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவருக்கு இதுவே மிகவும் நெகிழ்வானது. மூன்றைத் தனித்தனிக் கோப்புகளில் வையுங்கள்: கருத்துகளும் அம்புக்குறிகளும் ஒன்றில், துண்டுகளும் அட்டைகளும் இன்னொன்றில், விதிகள் மூன்றாவதில். இவற்றை ஒன்றாகக் கலந்தால் ஒரு வாக்கியத்தைத் திருத்த நிரலைத் தொட வேண்டியிருக்கும். கற்பவரின் நிலையை உலாவியின் சேமிப்பிலேயே வைக்கலாம். ஐந்து கருத்துகளுக்கு ஐந்து எண்கள், அவ்வளவுதான். சேவையகம் வேண்டாம், பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம். குழந்தைகள் படிக்கும் பாடமென்றால் இப்படி எதையும் திரட்டாமல் இருப்பதே முதல் மரியாதை. ஆனால் உலாவியின் சேமிப்பை அழித்தால் அவருடைய முன்னேற்றமும் போய்விடும் என்பதைப் பாடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பல இடங்களில் நடக்கும் கற்றலை ஓரிடத்தில் பதிய வேண்டுமானால் எக்ஸ்ஏபிஐ (xAPI) என்னும் பொது வரையறை இருக்கிறது. 2013இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. யார், என்ன செய்தார், எதை என்று வாக்கியமாகவே பதிவு எழுதும். உங்கள் தவறுப் பட்டியலின் பெயர்களை அந்தப் பதிவிலும் பயன்படுத்தினால் பின்னால் படிக்க எளிது.

செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைக் கொண்டு கேள்விகளின் மாற்று வடிவங்களை எழுதுவது இன்று வழக்கமாகிவருகிறது. வரைவுக்கு உதவும். ஆனால் ஒவ்வொரு விடையையும் கையால் போட்டுப் பார்க்காமல் கற்பவர் முன் வைக்காதீர்கள். பாடம் ஒருமுறை தவறான விடையைச் சரியென்று சொல்லிவிட்டால் பிறகு அது சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார்.

## வழி காட்டும் குறிகள்

ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான எல்ம்ஆர்ட் என்னும் லிஸ்ப் நிரல்மொழிப் பாடம், இணைப்புகளுக்குப் பக்கத்தில் போக்குவரத்து விளக்கைப் போலப் புள்ளிகள் வைத்தது. பச்சை என்றால் நீங்கள் தயார், சிவப்பு என்றால் இன்னும் இல்லை. சிவப்பு இருந்தாலும் உள்ளே போகத் தடையில்லை. இந்தப் பண்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பாடம் தன் கருத்தைச் சொல்கிறது, முடிவைக் கற்பவரிடம் விடுகிறது. தன் மதிப்பீடு தவறாகவும் இருக்கலாம் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். குறியோடு "தயார்", "முதலில் சமான பின்னம் படிக்கவும்" என்ற சொற்களும் வேண்டும். திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவருக்குப் பக்கத்தின் நடுவே புதிய துண்டு முளைத்தது தெரியாது. புதிய துண்டு வந்தால் அதன் தலைப்புக்குக் குவியத்தை (focus) நகர்த்துங்கள் அல்லது அறிவிப்புப் பகுதியில் சொல்லுங்கள். "ஏன் இந்தப் பக்கம் வந்தது?" என்று ஒரு சிறு இணைப்பும் வையுங்கள். "நீங்கள் 2/6 என்று எழுதினீர்கள். தொகுதியை மாற்றுவதைப் பற்றி ஒரு பயிற்சி பார்ப்போம்" என்ற ஒரு வரி போதும்.

## சோதனை

வெளியிடும் முன் நான்கு கற்பனை மனிதர்களாக நீங்களே பாடத்தை நடந்து பாருங்கள். எல்லாம் தெரிந்தவர்: அவர் எத்தனை சொடுக்கில் வெளியே வருகிறார்? பத்துக்கு மேல் என்றால் அவரை வீணாகக் காக்கவைக்கிறீர்கள். எதுவும் தெரியாதவர்: எங்காவது சுற்றிச் சுற்றி வருகிறாரா? ஒரே ஒரு தவறான எண்ணம் உடையவர்: ஒவ்வொரு முறையும் பகுதிகளைக் கூட்டிக்கொண்டே போங்கள், பாடம் அதைக் கண்டுபிடிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு சொடுக்குபவர்: அவர் தேர்ச்சி பெற்றுவிட்டால் உங்கள் கேள்விகள் ஊகிக்க எளிதானவை.

பிறகு உண்மையான ஐந்து பேர். பின்னால் உட்கார்ந்து பாருங்கள், வாய் திறக்காதீர்கள். உதவ வேண்டும் என்று மனம் துடிக்கும். நீங்கள் உதவ நினைத்த ஒவ்வோர் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தில் ஒரு துண்டு குறைவது அந்த இடத்தில்தான்.

வெளியிட்ட பிறகு பதிவுகளில் முதலில் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அல்ல. உங்கள் தவறுப் பட்டியலில் இல்லாத, ஆனால் பலர் எழுதிய விடைகளைப் பாருங்கள். பொது மறுமொழிக்குப் போய்விழுந்த விடைகள் அவை. 1/2 + 1/3க்கு 3/5 என்று சிலர் எழுதியிருந்தால், அவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து எப்படி வந்தது என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் பட்டியலில் ஒரு வரி, ஒரு மறுமொழி, ஓர் அம்புக்குறி சேரும். அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, மருந்துத் துண்டைப் படித்துவிட்டுத் திரும்பி அதே தவறைச் செய்தவர்களின் எண்ணிக்கை. அது எந்தத் துண்டில் அதிகமாக இருக்கிறதோ அந்தத் துண்டை முதலில் திருத்தி எழுதுங்கள்.